இறுக்கம் பார்க்கும் கை

ஜூன் 12, திங்கள்

இன்று முதல் எழுதி வைக்கிறேன். வெறும் வாயால் சொன்னால் பொறாமை என்பார்கள். தேதியோடு சொன்னால் மறுக்க முடியாது.

எங்கள் கம்பெனியின் ஒரு மாடல் காரில், எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்டைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளில் ஒரு தொகுதி பழுது. ஓட ஓட உடைந்துவிடும் என்று கம்பெனியே கண்டுபிடித்து, கார்களைத் திரும்ப அழைத்திருக்கிறது. உடைந்தால் எஞ்சின் ஓட்டத்திலேயே நின்றுபோகும். பொள்ளாச்சியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பதினோரு கார்கள். ஒவ்வொன்றிலும் இருபது போல்ட் மாற்ற வேண்டும். கம்பெனி கொடுத்திருக்கும் நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

நவநீதன் இன்று முதல் காரை ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டான்.

இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவன் இங்கே அவன் ஒருவன்தான். வயது முப்பத்தொன்று, கிணத்துக்கடவு. நான் இறுதிச் சோதனை பார்ப்பவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு கார் வெளியே போகாது. கோயமுத்தூரில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு எனக்கும் அழைப்பு வந்தது. முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த கைக்கு இரண்டு நாளில் என்ன சொல்லித் தருவார்கள் என்று போகவில்லை. ஆறு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. படித்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

இரண்டாவது கார். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம்.

"என்னப்பா, அதுக்குள்ள முடிச்சுப்போட்ட?"

"ட்ரெயினிங்ல ஒன்றரை மணி நேரத்துல முடிக்கறாங்க சார். நானெல்லாம் ஸ்லோவுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான். கழற்றிய பழைய போல்ட்டுகளைப் பையில் போட்டு, கார் எண் எழுதிக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவன் கை கழுவப் போனதும் பையைப் பிரித்து எண்ணினேன். இருபது இருந்தது. எண்ணிக்கை அவ்வளவு சரியாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது இருபது பழைய போல்ட் தேற்றுவது பெரிய காரியமா?

ஜூன் 14, புதன்

மூன்றாவது கார். ஒரு மணி ஐம்பது.

மாலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. தராசில் தூக்கிப் பார்த்தேன், எடை சரி. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது வாசல் பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்தேன். என் மனைவி கோமதி தெருவில் நின்று சொன்னாள்: "அந்தப் பூட்டு ஒரு நாளைக்கு உங்க கையோடவே வந்துருமுங்க மாமா." பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பூட்டு நம் வீட்டுடையது.

ஜூன் 15, வியாழன்

என் சந்தேகம் சரியாகிவிட்டது.

நான்காவது கார். போல்ட் மாட்டி முடித்ததும், எஞ்சினின் மேல் மூடியைப் போடுவதற்கு முன் என்னிடம் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே உத்தரவு போட்டிருந்தேன். சொன்னான். "டீ குடிச்சுட்டு வா" என்று அனுப்பினேன்.

அவன் செய்யும் முறை இது. முதலில் குறித்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும் ஸ்பானரால் இறுக்குகிறான். பிறகு கோணம் காட்டும் ஒரு வட்ட டயலை வைத்துக் கால் சுற்று திருப்புகிறான். பிறகு போல்ட் தலையிலிருந்து உலோகம் வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. போல்ட் அசைந்தால் கோடு முறியும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

என் சொந்த ராட்செட் ஸ்பானரை எடுத்து முதல் போல்ட்டில் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசைந்தது. இரண்டாவதும் அசைந்தது. இருபதும் அசைந்தன.

இறுக்கிய போல்ட் அசையாது. இது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் என் கைக்குப் போதும் என்று தோன்றும்வரை இறுக்கினேன். முறிந்த கோடுகளைத் தின்னர் தொட்டுத் துடைத்து, அதே மஞ்சளில் புதிதாகப் போட்டுவைத்தேன். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் உஷாராகிவிடுவான். இன்னும் சில கார் போகட்டும், மொத்தமாகப் பிடிக்கிறேன்.

ஜூன் 16, வெள்ளி

ஐந்தாவது கார், வால்பாறை ஐசக்குடையது. அங்கிருந்து தினமும் விடியற்காலையில் நோயாளிகளைப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவரும் வாடகை வண்டி. காத்திருப்போர் அறையில் உட்கார மாட்டேன் என்று நவநீதனின் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

"உள்ள போய் உக்காருங்கண்ணா, ஏசி இருக்குது" என்றான் அவன்.

"ஏசிய நம்பி வண்டிய விட்டுட்டுப் போனவன் ஊர்ல எத்தன பேரு தெரியுமா தம்பி? போன ஒர்க்‌ஷாப்புல என் ஜாக்கியவே காணோம்."

"ஜாக்கி பத்திரமா இருக்குதுங்கண்ணா. வேணும்னா மடியில வெச்சுக்கங்க."

இரண்டு பேரும் நன்றாகப் பழகிவிட்டார்கள். இப்படிப் பழகுகிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் இருவரையும் டீக்கு அனுப்பினேன். இருபதும் அசைந்தன. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டி. அதனால் ஒவ்வொன்றிலும் மற்றதைவிடச் சற்று எச்சாகவே இறுக்கி, கோடு போட்டேன். திருப்தியாக இருந்தது.

ஜூன் 17, சனி

ஆறாவது கார். ஆனைமலைத் தென்னந்தோப்புக்காரருடையது. பார்த்தேன், இறுக்கினேன்.

ஜூன் 20, செவ்வாய்

நேற்றும் இன்றும் லீவு. உடுமலையில் மைத்துனன் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் ஒர்க்‌ஷாப்பே ஞாபகம். இரண்டு கார் முடித்ததாக நவநீதன் போனில் சொன்னான். நான் இழுத்துப் பார்க்காமல் இரண்டு கார் வெளியே போயிருக்கிறது. யாருக்கு எங்கே என்ன ஆகுமோ.

என் மேசையில் உட்கார்ந்து அவன்தான் இறுதிக் கையெழுத்தும் போட்டானாம். மேனேஜர் ஷர்மிளா மேடம்தான் போடச் சொன்னாராம். அடுத்த வருடத்திலிருந்து பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர்தான் இறுதிச் சோதனை பார்க்கலாம் என்று கம்பெனி யோசிப்பதாக ஒரு பேச்சு. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இங்கே எழுதுவதற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

ஜூன் 22, வியாழன்

நேற்று ஒன்று, இன்று ஒன்று. இரண்டையும் பார்த்தேன்.

இன்று டீயிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். நான் ராட்செட்டை பாக்கெட்டில் போட்டுவிட்டேன். எஞ்சின்மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"சார், என் கோடு தடியா இருக்குதுங்க. நான் ஒல்லியாத்தான போட்டேன்?"

"சூட்டுல பெயிண்ட் ஓடியிருக்கும்."

"எஞ்சின் ஆறிப்போய்க் கெடக்குதுங்களே சார்."

மூடியைப் போடச் சொன்னேன். அவன் என்னைச் சந்தேகப்படுகிறான் போலிருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும்.

ஜூன் 23, வெள்ளி

பதினோராவது கார். பார்த்தேன். மொத்தம் முடிந்தது. மழை.

ஜூன் 24, சனி

ஆனைமலைக்காரர் வந்துவிட்டார். எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று சத்தமாம். மூடியைத் திறந்தால் இரண்டு போல்ட்டின் தலை தனியாகக் கிடக்கிறது. புதிதாகப் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது.

நவநீதன் முகம் வெளுத்துவிட்டது. உடைந்த தலையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடிப்பாக இருந்தால் நல்ல நடிப்பு.

ஜூன் 26, திங்கள்

மேடத்திடம் அறிக்கை கொடுத்தேன். கம்பெனி கொடுத்த நேரத்தைவிட மிகக் குறைவாக எடுத்துக்கொண்டிருக்கிறான், போல்ட்டுகளைச் சரியாக இறுக்கவில்லை, தளர்ந்து ஆடி உடைந்திருக்கின்றன என்று தேதி, மணியோடு எழுதினேன். நான் இழுத்துப் பார்த்ததை எழுதவில்லை. எழுதினால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அது தேவையில்லாத பேச்சு.

ஜூன் 27, செவ்வாய்

15ஆம் தேதி செய்த காரும் போய்விட்டது. உடுமலை ரோட்டில் ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றிருக்கிறது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. உயிர்ச்சேதம் இல்லை.

மேடத்தின் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள்.

"ஒவ்வொண்ணுக்கும் டயல் வெச்சுத்தான் திருப்புனனுங்க மேடம்" என்றான் நவநீதன்.

"அப்ப எப்படி ஒடைஞ்சுது?"

"தெரியலீங்க." என் பக்கம் திரும்பினான். "சார் பார்த்துட்டுத்தான வண்டிய விட்டாரு. சாரக் கேளுங்க."

"மூடி போட்டதுக்கப்பறம் உள்ள இருக்கறது எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். மூடி போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டதை அவன் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. மறந்திருப்பான்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தப்பு அவனுடையது என்று முடிவானால் கம்பெனிச் சான்றிதழ் ரத்தாகும். பிறகு எந்த ஊரிலும் எங்கள் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கை வைக்க முடியாது. தன் டூல் பெட்டியைப் பூட்டிச் சாவியை ஸ்டோரில் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 30, வெள்ளி

சென்னையிலிருந்து கம்பெனி எஞ்சினியர் வந்தார். பெயர் முஸ்தபா. நாற்பது வயதிருக்கும், அவசரமில்லாத மனிதர். உடைந்த போல்ட்டுகளை வெள்ளைத் துணியில் பரப்பி, அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்தார்.

"இது தளர்ந்து உடையல சார். இழுபட்டு உடைஞ்சிருக்கு. கழுத்தப் பாருங்க, இளைச்சுப்போச்சு. புதுசவிட ரெண்டு மில்லி நீளம்."

அப்படியென்றால் அவன் அதிகமாக இறுக்கியிருக்கிறான் என்றேன்.

"இருக்கலாம்" என்றார்.

உள்ளூரில் இருக்கும் மூன்று கார்களை வரவழைத்துத் திறந்தார். 13ஆம் தேதி கார்: இருபதும் நன்றாக இருந்தன. 20ஆம் தேதி கார்: இருபதும் நன்றாக இருந்தன. 22ஆம் தேதி காரில் மட்டும் கழற்றி அளந்த இருபதும் நீண்டிருந்தன. அதில் ஒரு போல்ட்டின் தலையை நகத்தால் சுரண்டினார்.

"கோட்டுக்குக் கீழ இன்னொரு கோடு இருந்திருக்கு. துடைச்சிருக்காங்க. ஓரத்துல மிச்சம் தெரியுது பாருங்க."

மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் போடச் சொல்ல நான் வெளியே போனேன்.

ஜூலை 1, சனி

முஸ்தபா ஒரு பழைய எஞ்சினின் மேல்பகுதியை மேசையில் ஏற்றினார். புதுப் போல்ட் ஒன்றை எடுத்து, முதலில் 'டிக்' சத்தம் வரை, பிறகு டயல் வைத்துக் கால் சுற்று. நவநீதன் செய்வது போலவே. முடித்துவிட்டு ராட்செட்டை என்னிடம் நீட்டினார்.

"இழுத்துப் பாருங்க சார்."

இழுத்தேன். அசைந்தது.

"இன்னும்."

வந்துகொண்டே இருந்தது. கைக்குப் பிடிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இது பழைய போல்ட் மாதிரி கிடையாது. கொஞ்சம் நீண்டாத்தான் பிடிக்கும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. கால் சுற்றோட விட்டுடணும். அதுக்கு மேல இழுத்தா வந்துக்கிட்டேதான் இருக்கும், தளர்வா இருக்குன்னு தோணும். இழுக்க இழுக்க உள்ள உசுரு போயிட்டிருக்கும். டயரு, வீலு பார்த்த பழைய கைங்க எல்லாமே இதுல ஏமாறும். அதுக்காகத்தான் ட்ரெயினிங். சுற்றறிக்கையில நாலாம் பக்கமும் அதான்."

"ம்" என்றேன்.

"நீங்க ட்ரெயினிங் வரல, இல்லையா?"

"இல்லீங்க."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இரவு ரயிலுக்குப் போய்விட்டார். அறிக்கை புதன்கிழமை வருமாம். பதினோரு கார்களையும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி புதுப் போல்ட் போடச் சொல்லியிருக்கிறார். கோயமுத்தூரிலிருந்து ஆள் வருவார்கள்.

ஜூலை 2, ஞாயிறு

பழைய பக்கங்களைப் புரட்டினேன். நல்லபடியாக இருந்த இரண்டும் நான் கை வைக்காத தேதி. ஆறு கார்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் மூன்று கணக்குக்கு வந்துவிட்டன. இது தற்செயலாகவும் இருக்கலாம்.

கோமதி கறி வாங்கி வரச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

ஜூலை 3, திங்கள்

காலையிலிருந்து மேடம் ஒவ்வொரு வாடிக்கையாளராகப் போனில் கூப்பிட்டார். எண்களை எடுத்துக் கொடுக்க நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் திட்டினார்கள், எல்லோரும் வருகிறேன் என்றார்கள். கடைசியாக ஐசக். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் மழைச் சத்தம் பலமாக இருந்தது.

"மேடம், போல்ட் சரியில்லன்னு ஒரு தடவ கூப்பிட்டீங்க. வந்தேன். இப்ப மாத்துன போல்ட்டும் சரியில்லங்குறீங்க. நாளைக்கு மூணாவது தடவ கூப்பிடுவீங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, நிறுத்துறேன். சும்மா நிறுத்துன்னா எப்படி? நாளைக்குக் காலைல டயாலிசிஸ்க்கு ரெண்டு பேரு, பிரசவத்துக்கு ஒரு பொண்ணு."

"டெக்னீசியன் தப்பு பண்ணிட்டாருங்க. அவர வேலைய விட்டு நிறுத்தியாச்சு."

"எந்த டெக்னீசியன், அந்த ஒல்லித் தம்பியா?"

"ஆமாங்க."

"அந்தத் தம்பி தோள் மேலயே நின்னேன் மேடம் நான். இருபதுக்கும் டயல் வெச்சான், இருபதுக்கும் உதட்டுல எண்ணுனான். அவன் தப்பு பண்ணான்னா என் கண்ணு பொய்யின்னு அர்த்தம். அவன் தலையில கட்டிட்டு எதையோ மறைக்கிறீங்க. நான் வண்டிய எறக்கத்தான் போறேன். இந்த வண்டி நல்லாத்தான் ஓடுது."

"ஐசக், கொஞ்சம் கேளுங்க..."

"வெக்கிறேன் மேடம்."

அந்த வண்டியில் மற்றதைவிட எச்சாக இறுக்கினேன் என்று 16ஆம் தேதிப் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "ஐசக், வெச்சுராதீங்க. நான் தெய்வசிகாமணி பேசறேன். கையெழுத்துப் போடறவன். நீங்களும் அவனும் டீ குடிக்கப் போனீங்களே, அப்ப நான் இருபது போல்ட்டையும் மறுபடி முறுக்குனேன். அவன் செஞ்சது சரி. நான் முறுக்குனதுலதான் கெட்டுப்போச்சு."

மேடம் பேனாவை மூடினார்.

"இருபதுமா?"

"இருபதும்."

"எதுக்கு?"

"சரியா முறுக்கியிருக்க மாட்டான்னு நெனச்சேன்."

"பார்த்தீங்களா, முறுக்கலன்னு?"

"இல்ல. நெனச்சேன்."

"மத்த வண்டியிலயும் அப்படித்தானா?"

"ஆறு வண்டியில."

அந்தப் பக்கம் யாரிடமோ ஜீப் கிடைக்குமா என்று கேட்டார்.

"சரி" என்றார். "வண்டி இங்கயே நிக்கட்டும். பேஷண்டுக்கு ஜீப்பு சொல்லிக்கறேன். சும்மா சமாளிச்சிருந்தீங்கன்னா எறக்கியிருப்பேன். ஆனா ஒண்ணு. போல்ட் மாத்த நீங்க வரக்கூடாது. வேற ஆளும் வேணாம். அந்தத் தம்பிய அனுப்புங்க."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் குறைவாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. "முழுசா எழுதிக் குடுத்துருங்க சார்" என்றார். நான்கு பக்கம் எழுதினேன். 27ஆம் தேதி அந்த அறையில் நான் சொன்ன பொய்யையும் எழுதினேன். என் வேலை என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் எதிரிலேயே நவநீதனைப் போனில் கூப்பிட்டார். நடந்ததையும், ஐசக் அவனைத்தான் அனுப்பச் சொன்னதையும் சொன்னார்.

"யாரு சொன்னதுங்க மேடம்?"

"சாரே சொன்னாரு."

"வால்பாறைக்கு மொத பஸ்ஸுக்கு அப்பறம் எத்தன மணிக்குங்க பஸ்?" என்று கேட்டான்.

ஜூலை 4, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு நவநீதன் வந்தான். ஸ்டோரில் நான்தான் இருந்தேன். பார்த்ததும் நின்றான், பிறகு உள்ளே வந்தான். டூல் பெட்டி, டயல், போல்ட் உள்ள புது சீல் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"தப்பு என்மேலதான் நவநீதா" என்றேன். நேற்று இரவிலிருந்து இதைவிடப் பெரிதாக ஏதோ யோசித்து வைத்திருந்தேன். இவ்வளவுதான் வந்தது.

"அன்னிக்கே தெரியுமுங்க சார்" என்றான். "கோடு தடியா இருந்துச்சே, அன்னிக்கே."

"அப்பறம் ஏன் மேடத்துகிட்டச் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா?"

பொட்டலத்தின் சீலைக் கிழித்தான். போல்ட்டுகளை மேசையில் கொட்டி, என் பக்கம் நகர்த்தினான்.

"எண்ணுங்க சார்."

"வேண்டாம்ப்பா. சரியா இருக்கும்."

"இல்லீங்க. எண்ணுங்க. நாளைக்குப் பேச்சு வரக்கூடாது."

எண்ணினேன். பதின்மூன்றில் தடுமாறி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவன் அவசரப்படுத்தவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது இருந்தது. ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். புதுப் போல்ட் இருபது எண்ணிக் கொடுக்கப்பட்டது, டூல் பெட்டியில் கை வைத்தவர் வேறு யாருமில்லை என்று வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

"இங்க கையெழுத்துங்க சார். நேரமும் போடுங்க."

போட்டேன். 7.10.